மனச்சோர்வும் ஊசி வைத்தியமும்

துக்கம் வேறு, மனச்சோர்வு என்னும் வியாதி வேறு. கதீஜா நாயகியாரும் அபூதாலிபும் அடுத்தடுத்து மறைந்த ஆண்டைத் துக்க ஆண்டு என்றே சரித்திரம் அழைக்கிறது. யஃகூப் நபி (அலை) அவர்கள் மகனை எண்ணி வருந்திக் கண் வெளுத்துப் போனதைத் திருக்குர்ஆன் கூறுகிறது. ஆகவே துக்கம் ஈமானுக்கு இழுக்கு அன்று. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக நாள் முழுதும் மனம் இருண்டு, தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமின்றி ஒருவர் ஒடுங்கிக் கிடந்தால் அதை வியாதி என்றே கொள்ளவேண்டும். கி.பி. 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்னும் பேரறிஞர், சரீரத்துக்கும் ஆன்மாவுக்கும் சேர்த்து எழுதிய வைத்திய நூலில், காரணம் தெரிந்த துக்கம், காரணம் தெரியாத துக்கம் என்று இரண்டாகப் பிரித்து, பின்னதற்குச் சரீரத்திலேயே மூலம் உண்டு என்றார். நாமோ இன்றும் "தொழுகை சரியில்லை", "ஜின் கோளாறு" என்று சொல்லி வாயை மூடிக்கொள்கிறோம்.

நிற்க. நம் கடைக்கு நாள் தவறாமல் வரும் நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் வரவு நின்றுபோனார். ஜும்ஆவிலும் காணோம். விசாரித்தபோது, டாக்டர் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்திருப்பதாகவும், சீன ஊசி வைத்தியம் செய்துகொள்ளலாமா என்றும் கேட்டார். அதனால்தான் இதைப்பற்றிப் படிக்கலானோம்.

இந்த வைத்தியம் சீனாவில் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது. சரீரத்தில் 'சீ' என்னும் உயிர்ச்சக்தி ஓடும் பாதைகள் உண்டு. அவை தடைப்பட்டால் நோய் என்பது சீனரின் கொள்கை. மனச்சோர்வுக்கு உச்சந்தலை, புருவ மத்தி, மணிக்கட்டின் உட்புறம் முதலிய இடங்களில் ஊசி ஏற்றி அரை மணி நேரம் போல் விடுகிறார்கள். டாக்டர் போடும் ஊசியைப்போல் இதில் துவாரம் இல்லை, உள்ளே மருந்தும் செல்வதில்லை. ஊசி தோலோடும் சதையோடும் நின்றுவிடுவதால் நோன்பு முறியாது என்பதே உலமாக்கள் பெரும்பாலோரின் கருத்து.

பலன் உண்டா? 2013-இல் இங்கிலாந்தில் 755 நோயாளிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி வெளிவந்தது. சிலருக்கு வாரம் ஒருமுறையாகப் பன்னிரண்டு முறை வரை ஊசி; சிலருக்கு ஆலோசகரிடம் மனம் விட்டுப் பேசும் சிகிச்சை; மற்றவர்களுக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். மூன்று மாதத்தில் முதல் இரு கூட்டத்தாருக்கும் மூன்றாமவரைவிட நல்ல குணம் தெரிந்தது. ஊசிக்கும் பேச்சுக்கும் சொல்லத்தக்க வேற்றுமை இல்லை! அப்படியானால் குணம் தந்தது ஊசியா, வாரந்தோறும் ஒருவர் பரிவோடு கவனித்ததா? 2018-இல் 64 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்த நிபுணர்களும், ஓரளவு குறையக்கூடும், ஆனால் சான்றுகள் உறுதியானவை அல்ல என்றே முடித்தார்கள். கவனிக்கத்தக்கது யாதெனில், இங்கிலாந்து நோயாளிகளில் பெரும்பாலோர் மாத்திரையும் சாப்பிட்டு வந்தவர்கள்.

இங்கேதான் நாம் தவறு செய்தோம். மூன்று வாரம் ஊசி போட்டுக்கொண்ட நண்பர், "நன்றாகத் தூக்கம் வருகிறது பாய்" என்று மகிழ்ந்தபோது, "இனி மாத்திரை எதற்கு?" என்று நம் வாயிலிருந்து வந்துவிட்டது. அவரும் நிறுத்திவிட்டார். மாதம் ஒன்று செல்லுமுன் அவர் மனைவி கடை வாசலில் வந்து நின்று அழுதார். மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் பதற்றமும் வரும், நோயும் திரும்பும் என்பதைப் பிறகே அறிந்தோம். ஒரு கடைக்காரர் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

ஊசிக்குப் போகிறவர்கள் பதிவு பெற்ற வைத்தியரிடமே போகவேண்டும். சிங்கப்பூரில் இதற்கு 2000-ஆம் ஆண்டிலும், மலேசியாவில் 2016-ஆம் ஆண்டிலும் சட்டம் இயற்றப்பட்டது. ஒருமுறை உபயோகித்து எறியும் ஊசிதானா என்று பார்த்துக்கொள்க. இரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் அதை முன்பே சொல்லிவிடவேண்டும். கையில் வசதியில்லாதோர் கவலையுற வேண்டாம். சிங்கப்பூரில் 1867-இல் தோன்றிய தோங் சாய் வைத்திய நிலையம் இனம், மதம் பாராமல் ஏழைகளுக்கு இலவசமாகப் பார்த்து வருவது.

'வாழப் பிடிக்கவில்லை' என்று ஒருவர் சொன்னால் ஊசிக்கும் காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லவேண்டும். தற்கொலை முயற்சி சிங்கப்பூரில் 2020 முதலும், மலேசியாவில் 2023 முதலும் குற்றமல்ல. போலீசுக்குப் பயந்து மறைக்கவேண்டியதில்லை.

நண்பர் மறுபடி டாக்டரிடம் போனார். மாத்திரையும் உண்டு, வியாழக்கிழமைதோறும் ஊசியும் உண்டு. சென்ற வெள்ளி தொழுகைக்குப்பின் கடைக்கு வந்து, அரிசி விலை ஏன் ஏறிற்று என்று நம்மோடு வெகுநேரம் சண்டை போட்டுவிட்டுப் போனார்.