அளவே காப்பு

சிவகாசியை அடுத்த எம். புதுப்பட்டிப் பகுதியின் பட்டாசு ஆலைகளில் ஓர் அறையில் நால்வருக்கு மேல் பணிபுரிதல் கூடாது என்பது விதி, மருந்துக்கும் அளவுண்டு. அளவு மீறின் சிறுபொறியும் பேரிடராகும். கணினிக்கும் இது பொருந்தும்.

1991இல் கைடோ வான் ரோசம் வெளியிட்ட பைத்தான், திறந்தமூல நிரல்மொழியாகும். அதில் எண்சரத்தை முழு எண்ணாக மாற்றுகையில், இலக்கங்கள் இருமடங்கானால் மாற்றும் நேரம் ஏறத்தாழ நான்மடங்காகும். ஆதலால், இலட்சக்கணக்கான இலக்கங்களைத் தொடர்ந்து அனுப்பி ஒருவர் சேவையகத்தையே முடக்கிவிட இயலும். 2022 செப்டம்பரில் வெளிவந்த திருத்தம், பதின்ம எண்மாற்றத்திற்கு 4,300 இலக்கங்கள் என வரம்பிட்டது. பேரெண்களைக் கையாளும் கணித ஆய்வாளர்க்கு அஃது இடையூறாயிற்று. எனினும், தேவைப்படுவோர் வரம்பை உயர்த்திக்கொள்ளவும் வழி வைக்கப்பட்டது.

திறந்தமூலத்தில் திருத்தம் வெளியாகும்போதே பிழையும் வெளியாகிறது. அதனைக் காப்போரும் அறிவர், கெடுப்போரும் அறிவர். எனவே, புதுப்பிக்கக் காலம் தாழ்த்துவோர் கதவைத் திறந்துவைத்து உறங்குவோரை ஒப்பர்.

பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் பயில்வோர் பைத்தானைக் கற்பர். அப்போது இதனை நினைவிற்கொள்க: விதி ஏட்டில் இருந்தால் போதாது, ஆலையாயினும் கணினியாயினும், கடைப்பிடித்தால்தான் அது காக்கும்.