ஆடிட்டர் ஆபீஸில் ஓர் ஓவியர்

அன்புள்ள சிந்து,

உன் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஓவியக் கல்லூரி வாசலையே மிதிக்காதவள் ஓவியராக முடியுமா? சி.ஏ. ஆர்டிகிள்ஷிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ரேணிகுண்டாவுக்கு வந்து நின்றால் அப்பா என்ன செய்வார்? இரண்டாவதற்குப் பதில் சுலபம். என் தம்பியை எனக்குத் தெரியும். சில நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டான், அப்புறம் அவனாகவே ‘சாப்டியா’ என்று வருவான். ஆனால் நீ அந்த நிலைமைக்குப் போக வேண்டியதே இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

திருப்பதியில் ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்து வவுச்சரை டிக் அடித்துக்கொண்டிருக்கிறாயே, அந்த வேலைக்கே படித்துத் தேறிய ஒருவர்தான் பிற்பாடு நம் நாட்டின் மிக முக்கியமான ஓவியர்களில் ஒருவரானார். பெயர் பூபேன் கக்கர். 1934இல் பம்பாயில் ஒரு குஜராத்திக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் கடைக்குட்டி. அப்பா சீக்கிரமே போய்விட்டார். அந்த மாதிரி வீட்டில் பையன் என்ன படிக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பார்களோ அதையெல்லாம் படித்தார், சி.ஏ.வும் முடித்தார். படம் போடுவது மாலை நேரத்து ஆசை. ஜே.ஜே. ஓவியப் பள்ளியின் மாலை வகுப்புக்குக் கொஞ்சம் போனதோடு சரி. 1958 வாக்கில் குலாம் முகம்மது ஷேக் என்ற இளம் ஓவியரின் பழக்கம் ஏற்பட்டது. ஷேக் பரோடாவுக்கு வரச் சொல்லி வற்புறுத்த, 1962இல் கக்கர் மூட்டை கட்டினார். அப்போது அவருக்கு வயது 28. ‘லேட் ஆயிடுச்சு பெரியப்பா’ என்று 21 வயதில் எழுதுகிற உன்னை என்னவென்று சொல்வது!

பரோடாவில் அவர் சேர்ந்தது ஓவிய வகுப்பில் அல்ல, கலை விமர்சனப் படிப்பில். கணக்கையும் விடவில்லை. ஒரு பொறியியல் தொழிற்சாலையில் பகுதிநேரக் கணக்கராகச் சேர்ந்தார். ஓவியராகப் பெயர் வாங்கிய பிறகும் பல ஆண்டுகள் அங்கே பேரேடு பார்த்தார். இதை வறுமைக் கதையாக நான் படிப்பதில்லை. சம்பளம் ஒரு பக்கம் வந்துகொண்டிருந்ததால்தான் யாரும் வாங்க மாட்டார்கள் என்று தெரிந்த படத்தையும் அவரால் துணிந்து போட முடிந்தது. அதோடு, ஆபீஸே அவருக்குப் படமாகவும் ஆனது. 1972இல் அவர் வரைந்த ஓர் ஓவியத்தின் தலைப்பே ‘உதவிக் கணக்கர் திரு. ஐ.எம். பட்டேல்’. உன் சீனியரை நீ இதுவரை ஒரு தரமாவது வரைந்து பார்த்திருக்கிறாயா?

கை சரியாக வரவில்லை, கால் சரியாக வரவில்லை என்று புலம்பியிருக்கிறாய். கக்கருக்கும் வரவில்லை. அவர் வரைந்த ஆட்கள் விறைத்துப்போய் நிற்பார்கள். தோளும் கையும் ஒன்றோடொன்று ஒட்டாது. கல்லூரியில் படித்திருந்தால் ஆசிரியர் திருத்தியிருப்பார். அவர் அதைத் திருத்துவதற்கு அலையாமல், அந்த விறைப்பு ஏற்கெனவே எங்கெங்கே அழகாக இருக்கிறது என்று தேடிப் போனார். கம்பெனிக்காரர்கள் காலத்தில் வெள்ளைக்கார துரைமாருக்காக நம்மவர்கள் வரைந்து கொடுத்த படங்கள், ராஜஸ்தான் சிற்றோவியங்கள், நாத்துவாராவின் திரைச்சீலைகள், கடைத்தெருவில் சட்டம் போட்டு விற்கிற சாமி படங்கள். பாரிஸில் சுங்கச் சாவடிக் குமாஸ்தாவாக இருந்துகொண்டே வரைந்த ஹென்றி ரூசோவையும் விடவில்லை. 1965இல் நடந்த முதல் தனிக் கண்காட்சியில் வைத்தது, மலிவுச் சாமி படங்களை வெட்டி ஒட்டிச் செய்த படங்களை. நம் பக்கம் கொண்டைய ராஜு காலண்டரைக் கத்தரித்து ஒட்டிக் கண்காட்சி வைத்தால் அன்றைக்குப் பெரியவர்கள் என்ன சொல்லியிருப்பார்களோ, அதையேதான் அவரையும் சொன்னார்கள்.

பிறகு 1970களின் தொடக்கத்தில் வந்த கடைப் படங்கள்தான் எனக்கு உயிர். ‘ஜனதா வாட்ச் ரிப்பேரிங்’, ‘டீ-லக்ஸ் டெய்லர்ஸ்’, ஒரு முடிதிருத்தும் கடை. எங்கோ கிராமத்தை நினைத்து உருகுவதும் இல்லை, நகரத்தைப் பார்த்துப் பயப்படுவதும் இல்லை. கடைக்காரர் கடையில் இருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் நின்று பார்க்கப் பார்க்க அந்த ஆளின் தனிமை நம்மேல் ஏறிக்கொள்கிறது. கொஞ்ச வருஷம் கழித்து, பிளாஸ்டிக் பூச்செண்டைப் பிடித்தபடி நிற்கிற ஒருவரை வரைந்தார். நடுவில் அவர், சுற்றிலும் சின்னச் சின்னக் கட்டங்களில் அவருடைய வாழ்க்கை. சாமி படத்தில் மூலவரைச் சுற்றி லீலைகள் இருக்குமே, அந்த அமைப்பு. சாமி இருந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். இதையெல்லாம் ஒரு வகுப்பில் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம்.

ஆனால் ஒன்று. உன் இன்ஸ்டாகிராமில் பெயருக்குக் கீழே ‘செல்ஃப்-டாட் ஆர்ட்டிஸ்ட்’ என்று போட்டிருக்கிறாய். கக்கரைப் பற்றி எழுதுகிறவர்களும் இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறார்கள். பட்டம் வாங்கவில்லை என்ற அளவில் சரி. ஆனால் அந்த மனிதர் ஒரு நாளும் தனியாக உட்கார்ந்து கற்றுக்கொண்டவர் இல்லை. பரோடாவில் ஷேக் இருந்தார், நுண்கலைப் புலம் இருந்தது, கூட வீடு எடுத்துத் தங்கிய இங்கிலாந்து ஓவியர் பாப் கலையைப் பற்றிப் பேசினார், பிறகு இன்னொரு இங்கிலாந்து ஓவியரான ஹாவர்ட் ஹாட்ஜ்கின் ஆயுள்கால நண்பரானார். ராத்திரியெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சுதான் அவருடைய கல்லூரி. உனக்கு இப்போது குறைவது பட்டமல்ல, உன் படத்தை முகத்துக்கு நேரே ‘இது சரியில்லை’ என்று சொல்கிற இரண்டு பேர். இதயக்குறி போடுகிற நானூறு பேர் அந்த வேலையைச் செய்ய மாட்டார்கள்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். சுதீர் பட்வர்தன், 1949இல் பிறந்தவர், புனேயில் மருத்துவம் படித்தவர். 1975 முதல் 2005 வரை தாணேயில் எக்ஸ்ரே டாக்டர். முப்பது வருஷம்! கிளினிக்கை முடித்துவிட்டுத்தான் படம். அவரும் ஓவியத்துக்கென்று எங்கும் படிக்கவில்லை. ஈரானி ஓட்டலில் தனியாக உட்கார்ந்திருப்பவர், ரயிலில் நெருக்கியடித்துப் போகிறவர்கள், ஆலைத் தொழிலாளர்கள், ஒவ்வொரு வருஷமும் உருமாறுகிற தாணே நகரம் என்று வரைந்தார். 1981இல் ‘பிளேஸ் ஃபார் பீப்பிள்’ என்ற பெயரில் பம்பாயிலும் டெல்லியிலும் ஒரு கண்காட்சி நடந்தது. மனிதர்களை, நடக்கிற கதையை மறுபடி ஓவியத்துக்குள் கொண்டுவந்த கண்காட்சி என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். பங்கெடுத்தவர்கள் ஆறே பேர்: ஷேக், விவான் சுந்தரம், நளினி மலானி, ஜோகன் சௌத்ரி, அப்புறம் நம் கணக்கர், நம் டாக்டர். ஆறில் இருவர்! இதை அப்பாவிடம் படித்துக் காட்டு. பாதிப் பஞ்சாயத்து முடிந்துவிடும்.

நீ அனுப்பிய படங்களுக்கு வருகிறேன். மழையில் நனைகிற பெண், இறகு முளைத்த பெண், நிலாவைப் பார்க்கிற பெண். கை சுத்தமாக இருக்கிறது. ஆனால் இந்தப் பெண்கள் ரேணிகுண்டாவில் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள்? எனக்குத் தெரிந்த ரேணிகுண்டா ஜங்ஷனில் சென்னை–மும்பைப் பாதையும் கூடூர்–காட்பாடிப் பாதையும் கூடுகின்றன. திருமலையிலிருந்து இறங்கி வந்த குடும்பம் முழுக்க மொட்டையோடு பிளாட்பாரத்தில் படுத்துக் கிடக்கிறது. அப்பா மொட்டை, அம்மா மொட்டை, மடியில் குழந்தை மொட்டை, தலையில் காய்ந்துபோன சந்தனம், பக்கத்தில் லட்டுப் பை. மொட்டை போட்ட புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் புதிதாகப் பார்த்துக்கொள்கிற அந்த முகத்தை யாராவது வரைந்திருக்கிறார்களா? கக்கர் கண்ணில் பட்டிருந்தால் விட்டிருக்க மாட்டார். சென்னையில் ரேணிகுண்டா என்றால் அந்தப் பெயரில் 2009இல் வந்த சினிமாவைத்தான் நினைக்கிறார்கள். உன் ஊர் எப்படி இருக்குமென்று காட்ட வேண்டிய ஆள் நீ.

பக்கத்தில் காளஹஸ்தி இருக்கிறது. சாமி கும்பிட எத்தனையோ தரம் போயிருப்பாய். துணியில் கலம்காரி ஓவியம் போடுகிறவர் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்ததுண்டா? கடுக்காயும் பாலும் கலந்த நீரில் துணியை ஊறவைத்துக் காயப்போடுகிறார்கள். புளியங்குச்சிக் கரியால் உருவம் போடுகிறார்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நாள் கணக்கில் ஊறப்போட்ட நீரை, கம்பளி சுற்றிய மூங்கில் குச்சியால் அதன்மேல் இழுக்கிறார்கள். கடுக்காய்த் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த இடம் கறுப்பாகிறது. போட்ட கோடு போட்டதுதான், ரப்பருக்கு வேலை இல்லை. கிட்டத்தட்ட அழிந்துபோக இருந்த இந்தத் தொழிலுக்கு 1950களில் கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் காளஹஸ்தியில் பயிற்சி மையம் வந்தது. அந்தக் கைத்தொழில் பரம்பரையிலிருந்து ஜொன்னலகட்டா குரப்ப செட்டி 2008இல் பத்மஸ்ரீ வாங்கினார். நீ ராமாயணம் வரைய வேண்டுமென்று நான் சொல்லவில்லை. அழிக்க முடியாத கோட்டை இழுக்கும்போது கைக்கு என்ன ஆகிறதென்று பார். பரம்பரையில் வந்தவர், தானாக வந்தவர் என்ற பாகுபாடெல்லாம் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு. உனக்கு வேண்டியது அந்தக் கை.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் நிலம் வாங்கி, சோழமண்டலம் என்று ஒரு கிராமமே அமைத்தார்கள். கல்லூரியில் முறையாகப் படித்தவர்கள். ஆனாலும் படம் விற்றுச் சாப்பிட முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுத்தான் அடுப்பு எரிந்தது. உன்னிடம் அதைவிட நிலையான கைத்தொழில் இருக்கிறது. வருமானவரி சீசனில் தூரிகையைத் தொட முடியவில்லை என்றால் தொடாதே. சின்ன நோட்டில் பென்சில் போதும்.

கடைசியாக, கொஞ்சம் தயங்கித்தான் எழுதுகிறேன். கக்கரின் மனம் ஆண்களை நாடியது. தாய் இருந்தவரையில் அதைப் படத்தில் வெளிப்படையாகக் கொண்டுவரவில்லை. 1981இல், 47 வயதில், ‘எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது’ என்று தலைப்பிட்ட பெரிய ஓவியத்தை வரைந்தார். பால்கனியில் ஆடையில்லாமல் ஒருவர் நின்று வெளியே பார்க்கிறார். வெளியே, அப்பாவும் பிள்ளையும் கழுதையும் போகிற, நமக்கும் தெரிந்த அந்தப் பழைய கதை நடக்கிறது. இன்று அந்தப் படம் லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் 2003இல் இறந்தார். 2016இல் அதே தலைப்பில் டேட் அவருக்குப் பெரிய கண்காட்சி நடத்தியபோது அங்கே ஒரு நாளேட்டு விமர்சகர் கிழித்துத் தொங்கவிட்டார்! உன் மனதில் என்ன இருக்கிறதென்று நான் கேட்கவில்லை. இருபத்தொரு வயதில் அது படத்தில் வராவிட்டால் படம் பொய்யாகிவிடாது. நீ பார்க்கிறதை ஒழுங்காக வரைந்துகொண்டு இரு.

சப்தகிரி எக்ஸ்பிரஸில் ஏறி ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னைக்கு வா. எழும்பூர் மியூசியத்தில் ரவி வர்மா படங்களைப் பார்த்துவிட்டு, வேறொரு நாளில் சோழமண்டலம் போவோம். பழைய பத்திரிகையில் என்னோடு லே-அவுட்டில் வேலை பார்த்த ஓவியர் ஒருவர் இருக்கிறார். முகதாட்சண்யம் பார்க்கத் தெரியாதவர். அவரிடம் கூட்டிப்போகிறேன். ஃபோனில் காட்டினால் பார்க்க மாட்டார், காகிதத்தையே எடுத்து வா. நல்லதாக வந்தவற்றை மட்டும் பொறுக்கிக் கொண்டுவராதே. கை கால் கோணிப்போனவையும் வேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா