கோடு ஏறினால் மட்டும் போதாது

அன்புள்ள யாழினி,

செல் ஏற்பிகளின் சமிக்ஞையை, அடையாளப் பொருள் எதுவும் ஒட்டாமல் அளக்கும் ஆய்வுக்கூடத்தில் சேரப்போவதாக எழுதியிருந்தாய். மனம் நிறைந்தது. அங்குள்ள கருவி வரையும் அழகான கோட்டில் மயங்காதவர்கள் குறைவு. அதனால்தான் நீ சேருமுன்பே எழுதுகிறேன்.

ஏற்பியோடு ஒளிரும் புரதத்தை ஒட்டிப் பார்ப்பது பழகிய வழி. ஆனால் பச்சை ஒளிர் புரதம் 238 அமினோ அமிலங்கள் கொண்டது. அத்தனை பெரிய சுமையோடு ஏற்பி எப்போதும் இயல்பாக நடந்துகொள்ளும் என்று நம்ப முடியாது. உன் முறையில் அந்தக் கவலை இல்லை; திசுவிலிருந்து எடுத்த செல்லை மரபணு மாற்றாமல் அப்படியே ஆராயலாம். அந்த முறையின் பெரிய பலம் இதுதான்.

இப்படி ஒட்டாமல் அளப்பது புதிதல்ல. 1984இல் இவார் கியாவரும் சார்லஸ் கீஸும் தங்க மின்வாய்மேல் செல்களை வளர்த்து, அவை அசைவதை மின்தடை மாற்றத்தால் அளந்தார்கள். உன் கூடத்தில் இருப்பதோ ஒளிவழிக் கருவி. தட்டின் அடியில் நுண்ணிய வரிப்பள்ளங்கள் கொண்ட உணரி இருக்கும். செல்லின் அடிப்புறத்தில் ஏறத்தாழ 150 நானோமீட்டர் உயரத்துக்குள் பொருள்கள் இடம் மாறினால், அங்கிருந்து திரும்பும் ஒளியின் அலைநீளம் பிக்கோமீட்டர் அளவில் நகரும்.

அந்த நகர்வைத்தான் கருவி கோடாக வரைகிறது. மருந்தை விட்டதும் கோடு ஏறும். உடனே, "ஏற்பி தூண்டப்பட்டது" என்று குறிப்பேட்டில் எழுதிவிடாதே. செல்லுக்குள் நடக்கும் எல்லாம் சேர்ந்த கூட்டுத்தொகைதான் அந்தக் கோடு. சந்தை இரைச்சலை மதிலுக்கு வெளியே நின்று கேட்பது போன்றது அது. யார் குரல் என்று தெரியாது. தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு குரலாக அடைக்க வேண்டும். ஏற்பியின் சமிக்ஞையைச் செல்லுக்குள் கடத்தும் ஜி புரதங்களில், ஜிஐ புரதத்தைக் கக்குவான் கிருமியின் நஞ்சு முடக்கும். காலரா நஞ்சு ஜிஎஸ் புரதத்தை ஓயாமல் இயங்க வைத்துவிடுவதால், புதிய தூண்டல் எடுபடாது. ஒரு செடியிலிருந்து பிரித்தெடுத்த எஃப்ஆர்900359 என்ற பொருள் ஜிகியூ புரதத்தைத் தடுக்கும். ஜெர்மனியின் பான் நகரில் எவி கோஸ்டெனிஸ் குழுவினர் 2010இல் இப்படித் தடைகளை வைத்துத்தான் கூட்டுக்கோட்டைப் பிரித்துக் காட்டினார்கள். அந்தக் கட்டுரையை முதலில் படி.

ஃபோர்ஸ்கோலினும் கைவசம் இருக்கட்டும். ஏற்பியைத் தொடாமலே, செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பியைக் கூட்டும் பொருள் அது. சேலம் பக்கம் பயிராகும் மருந்துக்கூர்க்கனில் இருந்து கிடைக்கிறது என்பது உனக்குப் பிடிக்கும். சைக்ளிக் ஏஎம்பி பாதை உன் செல்லில் திறந்தால் கோடு எப்படி வரும் என்று அது காட்டிவிடும்.

இன்னொன்று. மருந்தைக் கரைத்த டிஎம்எஸ்ஓ, செல் இருக்கும் கரைசலிலும் அதே அளவு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒளிவிலகல் எண் மாறி, செல் ஒன்றும் செய்யாமலே கோடு குதிக்கும். வெப்பநிலை மாறினாலும் அப்படித்தான். தட்டு கருவிக்குள் நிலைப்படும்வரை பொறுமையாக இரு.

மேற்பார்வையாளர் அவசரப்படுத்தினாலும், நீ ஆராயும் ஏற்பி இல்லாத செல்லிலும் அதே மருந்தை விட்டுப் பார்க்காமல் எந்த முடிவையும் சொல்லாதே. அந்த ஏற்பியைத் தடுக்கும் மருந்தால் கோடு அடங்குகிறதா என்றும் பார். முதல் முடிவுகளை எனக்கு அனுப்பும்போது இவ்விரண்டு கோடுகளையும் சேர்த்தே அனுப்பு.

அன்புடன்,
உன் அத்தை