திருத்தணி போனால் வடக்கே பாருங்கள்

திருத்தணிக்குப் போகிறவர்களில் பலர் முருகனைக் கும்பிட்ட கையோடு இறங்கிவிடுகிறார்கள். நீங்கள் அரைமணி நேரம் மலைமேலேயே இருங்கள். வடக்கே, ஆந்திர எல்லைக்கு அப்பால், நகரி மலைத்தொடர் தெரியும். அதில் துருத்திக்கொண்டு நிற்கும் சிகரம்தான் 'நகரி மூக்கு'. உயரம் சுமார் 850 மீட்டர். சென்னைக்கு வந்த கப்பல்காரர்கள் ஒருகாலத்தில் கடலிலிருந்தே இதைப் பார்த்துத்தான் கரையை அடையாளம் கண்டார்கள்.

நவம்பர், டிசம்பரில் வாருங்கள். மழை விட்ட மறுநாள் காலை என்றால் இன்னும் நல்லது. அடிவாரம் பளிச்சென்று இருக்கும், உச்சி மட்டும் மேகத்துக்குள் போயிருக்கும். காற்று வீசினாலும் அந்த மேகம் நகராது. உற்றுப் பாருங்கள்: கிழக்குச் சரிவில் புதிது புதிதாகத் திரள்கிறது, மேற்கே இறங்கும்போது கலைகிறது. வங்கக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் முட்டி மேலே ஏறுகிறது. மேலேறும் காற்று ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி குளிர்ந்துவிடும். வடகிழக்குப் பருவக்காற்றில் ஈரம் ததும்புவதால், இந்தச் சிறிய மலையே மேகம் திரளப் போதும்.

மே மாதத்தில் அதே மலை, அதே உயரம், ஆனால் மேகம் இருக்காது. மேற்கிலிருந்து வரும் தரைக்காற்றில் ஈரமே கிடையாது. கடற்காற்றும் இவ்வளவு தூரம் உள்ளே வந்துசேர நேரமாகும். கோடையில் வெயில் அதிகம் பதிவான ஊர்களின் பட்டியலில் திருத்தணி அடிக்கடி இடம்பெறுவது இதனால்தான். கோயிலுக்கு 365 படிகள். வெறுங்காலோடு ஏறுவதென்றால் விடியற்காலையில் ஏறிவிடுங்கள். வெயில் ஏறினால் கல்லில் கால் வைக்க முடியாது. வண்டியில் போக மலைப்பாதையும் உண்டு. ஆடிக்கிருத்திகைக் கூட்டத்தில் மலை பார்க்க நிற்க இடமிருக்காது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வருபவர்கள் பிற்பகலில் குடை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் சுட்ட மலைப்பக்கத்தில் எழும்பும் காற்று கடற்காற்றைச் சந்திக்கும் நாட்களில் மாலையில் இடி இடிக்கும். அந்த மழை மேல்காற்றோடு கிழக்கே நகர்ந்து, திருவள்ளூரை நனைத்துவிட்டு, இரவில் சென்னைக்குப் போகும்.

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் வழியாகத் திருத்தணிக்குப் புறநகர் ரயில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து வருபவர்கள் ஊத்துக்கோட்டை, திருவள்ளூர் வழியாக வந்தால் பூண்டி ஏரியையும் பார்த்துவிடலாம். நகரி மலையில் பெய்யும் மழை நகரி ஆறாக ஓடி, கொசஸ்தலையாற்றில் கலந்து, 1944-ல் கட்டி முடித்த இந்த நீர்த்தேக்கத்துக்குத்தான் வருகிறது. சென்னைக்காரர்களுக்கு அது குடிநீர்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இங்கிருந்து கைலாசகோனா, நாகலாபுரம், தடா அருவிகளுக்குப் போகிறவர்கள், உச்சியில் கருமேகம் இருந்தால் ஓடையில் இறங்காதீர்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு தூறல்கூட இல்லாமலே மேலே கொட்டிய மழை சில நிமிடங்களில் வெள்ளமாக வந்துவிடும். மழைக்காலத்தில் வனத்துறை அனுமதி உண்டா என்று விசாரித்த பிறகே கிளம்புங்கள்.