தீப இரவுகள்: வேங்கிக்காலில் தங்குவோருக்குக் கார்த்திகை ஆலோசனை

கார்த்திகை பிறந்துவிட்டது. கொடியேற்றத்திலிருந்து பத்தாம் நாள் மாலை திருவண்ணாமலை உச்சியில் மகாதீபம். வேங்கிக்கால் பக்கம் அறை எடுத்தவர்களும் எடுக்கப்போகிறவர்களும் இப்போதே யோசிக்க வேண்டியது ஒன்றுதான்: அந்த ஒரு மாலையில் கோயில் வாசலில் நின்றே ஆக வேண்டுமா? ஏற்றிய தீபம் பதினோரு நாள் எரியும். 2,668 அடி உயரத்தில் எரிவதால் வானம் மூடாதிருந்தால் வேங்கிக்கால் மொட்டை மாடியிலிருந்தே தெரியும். வயதானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் மாடியிலேயே கும்பிட்டுவிட்டு, கிரிவலத்தைப் பிந்தைய இரவுக்குத் தள்ளிவைப்பது நல்லது.

எந்த இரவுக்கு எங்கே?

ஐந்தாம் நாள் இரவு வெள்ளி ரிஷப வாகனம், ஆறாம் நாள் இரவு வெள்ளித் தேர். ஏழாம் நாள் பஞ்சமூர்த்திகளின் மகா தேரோட்டம். காலையில் விநாயகர் தேர் புறப்பட்டால் கடைசித் தேர் நிலைக்கு வர நள்ளிரவு ஆகிவிடும். மாட வீதியில் குழந்தையோடு வடத்தின் அருகே நிற்காதீர்கள்.

பத்தாம் நாள் விடியற்காலை 4 மணிக்குப் பரணி தீபம், மாலை 6 மணிக்கு மகாதீபம். இவற்றைக் கோயிலுக்குள்ளிருந்து காண அனுமதிச் சீட்டு வேண்டும். குறைந்த எண்ணிக்கையில் கோயில் இணையதளத்தில் விற்பார்கள். ஆதார் எண்ணைக் கையில் வைத்திருங்கள். சீட்டு கிடைக்காவிட்டால் இடைத்தரகரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

பௌர்ணமியும் தீபத்தை ஒட்டியே வருவதால் கிரிவலப் பாதை அடுத்த இரவிலும் நிரம்பி வழியும். மூன்றாம் இரவுக்கு மேல், வார நாளாகப் பார்த்து நடங்கள். தீபத்துக்கு அடுத்த மூன்று இரவுகளும் ஐயங்குளத்தில் தெப்பல். முதல் நாள் சந்திரசேகரர், பிறகு பராசக்தி, மூன்றாம் நாள் முருகர். மேலே தீபமும் கீழே தெப்பலுமாக ஒரே இடத்தில் பார்க்கக் கிடைக்கும் இரவுகள் இவை.

வருவதும் போவதும்

சென்னையிலிருந்து கிளாம்பாக்கத்தில் பேருந்து ஏறலாம். கடற்கரை நிலையத்திலிருந்து வேலூர் கண்டோன்மென்ட் வழியாக ரயிலும் உண்டு. தீப நாட்களில் பேருந்துகள் ஊருக்குள் போகாது; ஒவ்வொரு சாலையிலும் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையம் அமைப்பார்கள். வேலூர், போளூர் பக்கமிருந்து வருவோருக்கு வேங்கிக்கால் வழியிலேயே இருக்கிறது. காரை விடுதியிலேயே நிறுத்திவிட்டு ஆட்டோவில் போங்கள். ஆட்டோ கட்டணத்தை மாவட்ட நிர்வாகம் விழாவுக்கு முன் அறிவிப்பதுண்டு. ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். இரவெல்லாம் நடந்த கையோடு விடியலில் வண்டியை எடுக்காதீர்கள். நாலு மணி நேரமாவது தூங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

பாதையில்

சுற்று 14 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் நாலைந்து மணி நேரம். ராஜகோபுரத்தில் தொடங்கி இந்திர, அக்னி, எம, நிருதி, வருண, வாயு, குபேர, ஈசானிய லிங்கங்களைக் கடந்து ராஜகோபுரத்திலேயே முடியும். ஈசானியம் வேங்கிக்கால் பக்கம் என்பதால் பலர் அங்கேயே தொடங்குகிறார்கள். எங்கே தொடங்கினாலும் மலை வலப்பக்கம் இருக்கட்டும். எதிர்த்திசையில் நடந்தால் கூட்டம் முட்டும்.

சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலில் நடக்க வேண்டாம். தடித்த காலுறை போட்டு, முடித்ததும் பாதத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெளிச்சத்தில் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் முள் ஏறியது தெரியாது. தண்ணீரைச் சொந்த பாட்டிலில் எடுத்துப் போங்கள். குழந்தையின் கையில் பெயரும் கைபேசி எண்ணும் எழுதிய பட்டையைக் கட்டிவிடுங்கள். பெண்கள் நள்ளிரவில் கூட்டம் நடக்கும் பாதையை விட்டுக் கிளைச்சாலையில் தனியே ஒதுங்க வேண்டாம். அன்னதானம் செய்ய விரும்புவோர் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள்.

மதுக்கடைகளைத் தீபத்தையொட்டி மூடச் சொல்லி ஆட்சியர் உத்தரவிடுவது வழக்கம். இந்த ஊரில் இரவுப் பொழுது என்றால் நடையும், டீக்கடையும், ரோட்டோர இட்லியும்தான். வெளிநாட்டிலிருந்து வருவோர் அறை எடுக்கக் கடவுச்சீட்டும் விசாவும் கொண்டுவர வேண்டும். விடுதிக்காரர் அந்த விவரத்தை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

மழையும் மலையும்

வடகிழக்குப் பருவமழை இன்னும் ஓயவில்லை. வேங்கிக்கால் ஏரி நிரம்பி வழிந்தால் வேலூர் சாலையில் தண்ணீர் ஏறும். ஊருக்குள் போகும் முன் விடுதியில் நிலவரம் கேளுங்கள். கூட்டத்தில் குடைக்கம்பி கண்ணைக் குத்தும், மழைக்கோட்டு போதும்.

அனுமதியில்லாமல் மலையேறாதீர்கள். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகர் மேல் மலைச்சரிவு சரிந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டார்கள். அந்த மாதம் 13-ஆம் தேதி தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. ‘காசு கொடுங்கள், பின்பக்க வழி காட்டுகிறேன்’ என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். ஈரப் பாறையில் வழுக்கினால் இருட்டில் உங்களைத் தேடி வர ஆளிருக்காது.

கைபேசியில் இப்போதே பதிந்துகொள்ள: காவல் மற்றும் அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.