விமானம் விற்கும் தொழில்: நம் பிள்ளைகளுக்கு எந்த வாசல்?

விமானத் துறை என்றதும் நம் வீடுகளில் பைலட், பணிப்பெண், விமான நிலைய வேலை ஆகிய மூன்றும்தான் பேச்சில் வரும். அந்த விமானங்களை விற்பதும் ஒரு தொழில் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இண்டிகோ நிறுவனம் 2023 ஜூனில் ஒரே ஒப்பந்தத்தில் 500 ஏர்பஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்கள் வாங்குவதாக அறிவித்தது. இப்படிப்பட்ட ஒப்பந்தங்களுக்குப் பின்னால் பல ஆண்டுகள் கணக்குப் போட்டுப் பேசியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராக நம் பிள்ளை ஆக முடியுமா என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

விற்பவரின் வேலை என்ன?

படகு வாங்க வருபவர் என்ன கேட்பார் என்பது நம் ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். ஏரிக்கா, கடலுக்கா? டீசல் எவ்வளவு குடிக்கும்? இன்ஜின் பழுதானால் சாமான் எங்கே கிடைக்கும்? விமானம் வாங்குபவர் கேட்பதும் இவைதான். சேலம் போன்ற சிறிய ஓடுதளத்துக்குச் சுமார் 70 பேர் அமரும் ஏடிஆர் விமானம் பொருந்தும். சென்னையிலிருந்து துபாய்க்குப் போக அது எட்டாது. எந்த வழித்தடத்துக்கு எந்த விமானம், ஒரு இருக்கைக்கு எரிபொருள் செலவு எவ்வளவு, பராமரிப்புக்கு எவ்வளவு என்று வாங்குபவருக்குக் கணக்குக் காட்டத் தெரிந்தவரே விற்பனையாளர். வாய்ச்சாலகம் இங்கே நெடுநாள் நிற்காது.

ஏர்பஸ் நிறுவனத்தின் விற்பனைத் தலைவராக இருந்த ஜான் லேஹி, முதலில் சரக்கு விமானம் ஓட்டினார். பறக்கக் கற்றுக் கொடுத்தார். பிறகு நிர்வாகம் படித்துவிட்டு, சிறு விமானம் செய்யும் பைப்பர் நிறுவனத்தில் விற்பனைப் பணி பார்த்தார். 1985-ல்தான் ஏர்பஸுக்கு வந்தார். ஓய்வு பெறும்போது அவர் காலத்து விற்பனை 16,000 விமானங்களைத் தாண்டியிருந்தது. நேராக இந்த நாற்காலிக்கு வந்தவர்கள் அரிது. பக்கத்துத் தொழில் ஒன்றைக் கற்று, அதன் வழியாக வருவதே வழக்கம்.

விற்ற பிறகுதான் சோதனை

பெங்களூரின் எச்.ஏ.எல். நிறுவனம் ஈக்வடார் நாட்டுக்கு ஏழு துருவ் ஹெலிகாப்டர்களை விற்றது. அவற்றில் நான்கு விபத்துக்குள்ளாயின. உதிரிபாகங்கள் ஒழுங்காக வரவில்லை என்று சொல்லி, 2015-ல் அந்த நாடு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. எச்.ஏ.எல். அந்தக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. நியாயம் யார் பக்கம் இருந்தாலும் நமக்குப் பாடம் ஒன்றுதான்: விற்றவரின் பொறுப்பு பணம் வாங்கியதோடு முடிவதில்லை. கொடுத்த வாக்கு ஒரு அமானிதம். அதைக் காப்பவரிடமே அடுத்த ஆர்டர் வரும்.

நம் பிள்ளைகளுக்கான வாசல்கள்

முதலாவது பொறியியல். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் இருக்கிறது. மறைந்த குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் படித்த இடம் அது. பொறியியல் கலந்தாய்வில், ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதமும் உண்டு. சாதிச் சான்றிதழைக் கடைசி நாள் வரை தள்ளிப் போடாதீர்கள்.

இரண்டாவது, விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். விமானத்தின் உள்ளும் புறமும் அறிந்தவர் சொல்லை வாங்குபவர் நம்புவார்.

மூன்றாவது வணிகவியல், சட்டம். நம் நாட்டில் பறக்கும் விமானங்களில் பெரும்பாலானவை குத்தகைக்கு எடுத்தவை. அந்தக் குத்தகைத் தொழில் இப்போது குஜராத்தின் கிஃப்ட் சிட்டியிலும் வளர்ந்து வருகிறது. வட்டியில்லாத இஜாரா முறைக்கும் இதில் இடமுண்டு. எமிரேட்ஸ் நிறுவனம் 2015-ல் ஏ380 விமானங்களுக்காக 91.3 கோடி டாலரை சுகூக் வழியே திரட்டியது. பி.காம். படிக்கும் நம் பெண் பிள்ளைகளும் இந்த வாசலைக் கவனிக்கலாம்.

நான்காவது, நமக்கு மிக அருகில் இருப்பது: ட்ரோன். 18 வயது நிறைந்து, பத்தாம் வகுப்பு தேறியவர்கள் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த மையத்தில் பயின்று, ட்ரோன் ஓட்டும் சான்று பெறலாம். மருந்து தெளிக்கும் ட்ரோனை ஒரு விவசாயிக்கு விளக்கி விற்கப் பழகுபவர், பறக்கும் பொருளை விற்கும் தொழிலில் முதல் படி ஏறிவிட்டார்.

இவற்றோடு ஆங்கிலமும் கணக்கும் கட்டாயம். மதரஸாவில் அரபி எழுத்து கற்ற பிள்ளை பேச்சு அரபியையும் கற்றுக்கொண்டால், வளைகுடாவில் அது தனி மூலதனம்.

பெற்றோர் கவனத்துக்கு

"ஆறு மாதத்தில் ஏவியேஷன் வேலை" என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் நகையை அடகு வைக்காதீர்கள், வட்டிக்கும் வாங்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் படிப்பை அங்கீகரித்தது யார்? சென்ற ஆண்டு படித்தவர்கள் இன்று எங்கே, என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள்? பாதியில் விலகினால் கட்டணம் திரும்ப வருமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். பராமரிப்புப் பயிற்சி மையங்களின் அங்கீகாரத்தை இயக்குநரகத்தின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம்.

பழவேற்காட்டுக் கரையிலிருந்து கடல் கடந்து வாணிபம் செய்த மரக்காயர்களின் முதல் சரக்கு நாணயம்தான். அதே நாணயத்தோடு படிப்பும் பொறுமையும் சேர்ந்தால், இந்த வாசலும் நம் பிள்ளைகளுக்குத் திறக்கும், இன்ஷா அல்லாஹ்.