கோலம் போடும் கை, இளைப்பாறும் மனம்

"எனக்கு வரையவே வராதுப்பா!" நம் இளைஞர்களில் பாதிப் பேர் இப்படித்தான் சொல்வார்கள். ஆனால் பரீட்சைக்கு முந்தின இரவு, நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் வட்டமும் கட்டமுமாகக் கிறுக்குவதும் இவர்களேதான். மனசு பதறும்போது கை ஏதாவது ஒரு வேலையைத் தேடுகிறது. அதற்கு நாமே ஒரு நல்ல வேலையைக் கொடுத்தால் என்ன?

அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமலும் அவர் குழுவினரும் செய்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. 39 பெரியவர்களிடம் களிமண், மார்க்கர் பேனா, வெட்டி ஒட்டக் காகிதம் ஆகியவற்றைக் கொடுத்து, 45 நிமிடம் விருப்பப்படி எதையாவது செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீரைச் சோதித்து, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் சுரப்பை அளந்தார்கள். ஏறக்குறைய 75 சதவீதத்தினருக்கு அது குறைந்திருந்தது. வரைந்து பழகியவர், பழகாதவர் என்ற வித்தியாசம் தெரியவில்லை. சிறிய ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. ஆனாலும் "எனக்கு வராது" என்பவர்களுக்கு இது நல்ல செய்தி.

நமக்கோ களிமண்ணைத் தேடிப் போக வேண்டியதில்லை. தேக்காவில் கோலமாவு கிடைக்கும். சிங்கப்பூருக்குக் கோலம் புதிதும் அல்ல. 2003 ஆகஸ்ட் 3-ஆம் தேதி, வாம்போ சமூக மன்றத்தில் விஜயலட்சுமி மோகன் தனி ஒருவராக 2,756 சதுர அடி பரப்பில் ரங்கோலி போட்டுக் கின்னஸ் சாதனை படைத்தார். நமக்கு வாசலில் ஓர் அடி இடம் போதும்.

கோலத்தில் மனசுக்கு என்ன கிடைக்கிறது? முதலில் புள்ளிகளை எண்ண வேண்டும். எண்ணும்போது வேறு நினைப்பு ஓடினால் வரிசை தப்பிவிடும். சிக்குக் கோலத்தில் கோடு புள்ளிகளைச் சுற்றி வளைந்து, தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். அவசரப்பட்டால் சிக்கிக்கொள்வோம், நிதானமாகப் போனால் தானாக வழி தெரியும். கடைசியாக, மறுநாள் அது அழிந்துவிடும். மதிப்பெண் போட யாரும் இல்லை. தப்பானாலும் நாளைக்குப் புது வாசல். எல்லாவற்றுக்கும் மார்க் வாங்கியே வளரும் நமக்கு இது பெரிய விடுதலை.

இந்த வாரப் பயிற்சி:

1. கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள்.

2. தரையிலோ தாளிலோ 1, 3, 5, 3, 1 என்று புள்ளி வையுங்கள். மொத்தம் 13.

3. புள்ளிகளைச் சுற்றி மெதுவாகக் கோடு இழுங்கள். தப்பினால் துடைத்துவிட்டு அங்கிருந்தே தொடருங்கள்.

4. முடிந்ததும் படம் எடுக்காதீர்கள். "எத்தனை லைக் வரும்?" என்ற கேள்வி வந்தால் பரீட்சை மறுபடியும் ஆரம்பித்துவிடும்!

ஒன்றை மறக்க வேண்டாம். கோலம் மனதை இளைப்பாற்றும். மருத்துவத்தின் இடத்தைப் பிடிக்காது. கலைவழிச் சிகிச்சை என்பது தனிப் படிப்பு. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து போகும் தூரத்தில், மெக்னலி ஸ்திரீட்டில் இருக்கும் லசால் கலைக் கல்லூரியில் அதற்கு முதுகலைப் பட்டமே உண்டு. தூக்கம் வராமல், சாப்பாடு பிடிக்காமல், சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் வீட்டில் அம்மா அப்பாவிடமோ நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடமோ சொல்லுங்கள். 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் உடனே 1767. உதவி கேட்பதில் வெட்கம் எதற்கு?

கலந்துரையாட: நீங்கள் கடைசியாக யாருக்கும் காட்டாமல், உங்களுக்காக மட்டும் செய்த வேலை எது? அதைச் செய்து முடித்தபோது மனசு எப்படி இருந்தது?